கல்லு கச்சின்ல, பேரு ஹாங்காங்ல: வாலஸ் சான், ஒரு கேஸ் ஸ்டடி

ரங்கூன்ல நகை வேலை பாக்குற பசங்கள்ல நிறைய பேரு வாலஸ் சான் வீடியோவ ஃபேஸ்புக்ல பாத்திருப்பீங்க. பட்டாம்பூச்சி ப்ரோச் (துணில குத்துற நகை), கல்லுக்குள்ள தெரியுற முகம், நீலமா ஊதாவா ஜொலிக்கிற உலோகம், பாத்துட்டு ஒரு லைக் போட்டுட்டு கீழ போயிருப்பீங்க. எல்லாரும் அவர டிசைனர், ஆர்ட்டிஸ்ட்னுதான் எழுதுறாங்க, நான் இத ஒரு பட்டறை கேஸா எழுதுறேன், ஏன்னா அந்த ஆளு கையில இருக்குற ஜேட் கல்லுல நல்லதெல்லாம் நம்ம நாட்டுக் கல்லு, உலகத்துல உசந்த தரத்து ஜேடைட் (ஜேட்டுலயே விலை கூடுன வகை) கச்சின் ஸ்டேட் ஃபகான்ட் பக்கத்துல இருந்துதான் போகுது. கல்லு இங்க, பேரு அங்க. இது எப்படி ஆச்சுங்கிறதுதான் இந்த கேஸோட கேள்வி.

முதல்ல ஆளு யாருன்னு பாத்துருவோம். 1956ல சீனாவுல ஃபூஜோ ஊர்ல பொறந்தவரு, 5 வயசுல குடும்பத்தோட ஹாங்காங் வந்தாங்க. வீட்டுல வசதி கிடையாது. பெரியவங்களுக்குத்தான் பீங்கான் ஸ்பூன், பிள்ளைங்களுக்கு எல்லாருக்கும் சேத்து ஒரே ஒரு பிளாஸ்டிக் ஸ்பூன், இவரு ஆசைப்பட்டு பீங்கான் ஸ்பூன எடுத்து விளையாடி உடைச்சு அடி வாங்குனாருன்னு அவரே பல பேட்டில சொல்லிருக்காரு. (2018ல உருக்க விட 5 மடங்கு வலுவான பீங்கான்னு ஒண்ண வெளிய கொண்டாந்தாரு, ஏழு வருஷ வேலை. அதுக்கு வேரு இந்த ஸ்பூன்தான்னு சொல்லுவாரு. நல்ல கதைதான், ஆனா ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் ஒரு குழந்தைக் கதை வச்சிருக்குறது வியாபாரத்துக்கும் உதவும்ல.) 13 வயசுல பள்ளிக்கூடம் நின்னுபோச்சு, குடும்பத்துக்காக வேலைக்குப் போனாரு. 1973ல 16 வயசுல ஒரு கல்லு செதுக்குற பட்டறையில எடுபிடியா சேந்தாரு. ஒன்பது மாசம்தான் இருந்தாரு. 1974ல சொந்தமா ஒரு சின்ன இடத்துல தனியா செதுக்க ஆரம்பிச்சுட்டாரு.

ஒன்பது மாசம்! நம்ம பத்தருங்க கிட்ட இத சொன்னா சிரிப்பாங்க. நம்ம பட்டறையில பையன் முதல் வருஷம் பூரா அடுப்பு ஊதவும், கீழ விழுந்த பொடியப் பெருக்கவும், டீ வாங்கவும்தான். அப்புறம் கம்பி இழுக்க, அப்புறம்தான் பத்தவைக்க விடுவாங்க. அந்தக் கணக்குல பாத்தா 1974ல சான் ஒரு அரைகுறை. உண்மையும் அதுதான், தொழில முழுசா கத்துக்காம வெளிய வந்தவரு. ஆனா என் பார்வையில இந்த கேஸ்ல முதல் திருப்பம் இதுதான், குரு சொல்லிக்கொடுக்காத இடத்தையெல்லாம் அவரு தானா தேடி அடைக்க வேண்டி வந்துச்சு. மனுஷ உருவம் செதுக்கக் கத்துக்கணும், காலேஜ் போக காசில்ல, அதனால கிறிஸ்தவ கல்லறைத் தோட்டத்துல போய் அங்க சமாதி மேல நிக்கிற தேவதை சிலைங்கள உக்காந்து பாத்து, தடவிப் பாத்துக் கத்துக்கிட்டாரு. துணி மடிப்பு எப்படி விழுது, கழுத்து எங்க திரும்புதுன்னு. சீன செதுக்கல்ல இல்லாத ஒரு மேற்கத்திய உடம்பு அவரு வேலைல இருக்கு பாருங்க, அது அங்கருந்து வந்தது.

இப்ப அதே நேரத்துல நம்ம பக்கம் என்ன நடந்துச்சுன்னு வைக்காம இந்த கேஸ் முழுமையாகாது.

1973ல ரங்கூன்ல ஒரு ஆசாரி வீட்டுப் பையன் 16 வயசுல இருந்தான்னு வச்சுக்குவோம். கைத்தொழில்ல அவன் சான விட பல படி முன்னாடி நின்னுருப்பான், அப்பா தாத்தா வழி வேலை, தஞ்சாவூர் பக்கம் இல்ல செட்டிநாட்டுப் பக்கத்துல இருந்து கப்பல்ல வந்த கை. ஒரு காலத்துல மொகல் ஸ்ட்ரீட் பூரா செட்டியார்கள் கிட்டங்கி, அவங்க வீட்டுக் கல்யாணத்துக்கு மொகோக் (பர்மாவுல கெம்பு தோண்டுற ஊரு) கெம்பு வச்சு அட்டிகை கட்டுன பரம்பரை. ஆனா 1962ல ராணுவம் வந்துச்சு, அடுத்த ரெண்டு வருஷத்துல கடை, பேங்க் எல்லாம் அரசுடைமை. மூணு லட்சம் இந்தியருக்கு மேல நாட்ட விட்டுப் போனாங்கன்னு கணக்கு. போனவங்கள நகைய எடுத்துட்டுப் போக விடல, கழுத்துத் தாலியக் கழட்டிக் கொடுத்துட்டுக் கப்பல் ஏறுன கதை நம்ம எல்லார் வீட்டுலயும் ஒரு பாட்டி சொல்லிருப்பாங்க. கஸ்டமரும் போயாச்சு, கல்லும் தனியார் விக்கக் கூடாதுன்னு ஆயிடுச்சு, மிச்சம் இருந்த பத்தரு கையில வளையலத் திருப்பி அடிச்சு வளையலாக்குற வேலைதான்.

கல்லு மட்டும் நிக்கல. அரசாங்கம் 1964ல இருந்து எம்போரியம்னு கல்லு ஏலச் சந்தை வச்சு வித்துச்சு, அது ஒரு வழி. இன்னொரு வழி காட்டு வழி, கச்சின்ல இருந்து கழுதை மேலயும் ஆளு தோள்லயும் தாய்லாந்து சியங் மாய் போயி, அங்கருந்து ஹாங்காங். கவ்லூன்ல கேன்டன் ரோடுன்னு ஒரு தெரு, அதுதான் ஜேட் தெரு. சான் வளந்த ஊருல, நடந்து போற தூரத்துல நம்ம கல்லு கொட்டிக் கிடந்துச்சு, அது தோண்டப்பட்ட நாட்டுல ஒரு பத்தரு அத கையில வச்சிருந்தா ஜெயிலு. இத ஞாபகம் வச்சுக்குங்க, அப்பதான் ‘திறமை இருந்தா எங்கயும் வரலாம்’னு யாராவது பேசும்போது ஒரு நிமிஷம் யோசிப்பீங்க.

சரி, 1987க்கு வருவோம்.

அந்த வருஷம் சான் கண்டுபிடிச்சதுதான் இன்னைக்கு ‘வாலஸ் கட்’னு பேரு வாங்கிருக்கு. பாக்க என்னன்னா, ஒரு தெளிவான கல்லு, டோபாஸோ அக்வாமரைனோ, முன்னாடி பட்டை தீட்டிருக்கும், உள்ள ஒரு பொண்ணு முகம் மிதக்குற மாதிரி தெரியும், அந்த ஒரு முகம் அஞ்சா தெரியும், நடுவுல ஒண்ணு நேரா, சுத்தி பக்கவாட்டுல திரும்புன மாதிரி. பல பேரு உள்ள லேசர் அடிச்சிருக்குன்னு நினைக்கிறாங்க. கிடையாது. கல்லோட முதுகுப் பக்கம்தான் வேலை. முதுகுல ஒரே ஒரு முகத்தக் குழியா, இடவலம் மாத்தித் தோண்டணும். இடது கண்ணு வலதுல வரணும். மூக்கு எவ்வளவு எடுப்பா தெரியணுமோ அவ்வளவு ஆழமா குழி போகணும், கன்னம் கொஞ்சம் ஆழம் கம்மி. முன்னாடி இருக்குற பட்டை ஒவ்வொண்ணும் கண்ணாடி மாதிரி அந்தக் குழிய ஒவ்வொரு கோணத்துல திருப்பிக் காட்டும். அதனால பட்டைய எந்தக் கோணத்துல போடணும்னு முகம் செதுக்குறதுக்கு முன்னாடியே கணக்கு முடிஞ்சிருக்கணும். ஒரு போட்டோ கண்காட்சில ஒரே ஃபிலிம்ல பலமுறை எடுத்த படத்தப் பாத்துத்தான் இந்த யோசனை வந்ததாம்.

யோசனை எல்லாருக்கும் வரும். அத செய்யுற கருவி கிடையாது, அதுதான் பிரச்சினை. அவரு பல் டாக்டரு யூஸ் பண்ற டிரில்ல எடுத்தாரு. அது நிமிஷத்துக்கு 36,000 சுத்து சுத்தும். கல்லு மேல வச்சா சூடு, சூடுல கல்லு விரிசல் விட்டுப் போயிடும். சூட்டக் கொல்லணும்னா தண்ணி. அதனால கல்லையும் கையையும் குளுந்த தண்ணிக்குள்ள வச்சு செதுக்குனாரு. தண்ணிக்குள்ள சரியா தெரியாது. அதனால ஒரு கீறு, வெளிய எடு, தொட, பாரு, மறுபடி உள்ள விடு, அடுத்த கீறு. இப்படி ஒரு முகம். மார்க்கெட்ல கிடைச்ச டிரில் முனை அவரு நினைச்ச கோட்டுக்கு ஒத்துவரல, அதனால ஒரு மெஷின் ஃபேக்டரில ஆறு மாசம் வேலைக்குப் போயி லேத்து வேலை, இரும்பு வேலை கத்துக்கிட்டு, தன்னோட முனையத் தானே செஞ்சாரு.

இந்த ஆறு மாசத்த நான் ரொம்ப பெருசா பாக்குறேன். பதிமூணு வருஷம் தொழில்ல இருந்த ஒரு செதுக்கல்காரன், சொந்தப் பட்டறை வச்சிருக்கவன், போயி வேற தொழில்ல சம்பளத்துக்கு நிக்கிறான், ஒரு டிரில் முனைக்காக. நம்ம ஆளுங்க கௌரவம் பாப்போம். உளிய சைனா கடையில வாங்குவோம், சரியா வெட்டலன்னா கல்ல குத்தம் சொல்லுவோம். அவரோட ஒவ்வொரு பாய்ச்சலையும் எடுத்துப் பாருங்க, அதுக்கு முன்னாடி கண்டிப்பா ஒரு கருவியோ ஒரு உலோகமோ இருக்கும், டிசைன் அதுக்குப் பின்னாடிதான் வரும்.

அதே 1987 செப்டம்பர்ல இங்க என்ன? 25, 35, 75 கியாட் நோட்டு மூணும் ஒரே நாள்ல செல்லாது, மாத்திக்கவும் முடியாது. 1964ல ஒரு தடவை, 1985ல ஒரு தடவை, இது மூணாவது. ஜனங்க அன்னைக்கு ஒரு பாடம் படிச்சாங்க, காகிதத்த நம்பாத, தங்கத்த நம்பு. அதுக்கப்புறம் இந்த ஊருல நகைன்னா பேங்க். கடைக்கு வர்ற அக்கா கேக்குற முதல் கேள்வி எத்தன க்யாட்தா (பர்மாவுல தங்க எடை), எத்தன பெ தரம் (தங்கத்தோட சுத்தம்), திருப்பிக் கொடுத்தா எவ்வளவு கழிப்ப. டிசைன் கடைசி. சேதாரமும் செய்கூலியும் குறையணும், ஏன்னா அந்தக் காசு விக்கும்போது திரும்பி வராது. நம்ம பத்தரு கை மழுங்குனதுக்கு சோம்பேறித்தனம் காரணம்னு யாராவது சொன்னா எனக்குக் கோவம் வரும். வேலைக்குக் காசு கொடுக்க ஆளில்லாத ஊருல கை எப்படி கூரா இருக்கும்? 2021க்கு அப்புறம் கியாட் சரிஞ்சப்ப மறுபடியும் அதே பழைய கதைதான, ஜனங்க வரிசைல நின்னு வாங்குனது கெட்டித் தங்கம்.

சானுக்கு வேலைக்குக் காசு கொடுக்க ஆளு கிடைச்சாங்க. 1990கள்ல தைவான்ல கலைப்பொருள் வாங்கிச் சேக்குற ஒரு பெரிய ஆளு அவர நகைப் பக்கம் இழுத்தாரு, அதுக்கு முன்னாடி அவரு சிலை செதுக்குறவருதான். அந்த வருஷங்கள்லதான் தங்கம், கல்லு கட்டுறது, நகையோட உடம்பு எல்லாம் பழகுனாரு. தைவான்லயே புத்தர் பல்லு வைக்கிறதுக்கான ஸ்தூபி ஒண்ணயும் செஞ்சாரு (நம்ம ஊரு ஸ்வே தோ ம்யாட் பகோடாவும் புத்தர் பல்லுக்குன்னு கட்டுனதுதான், அங்க இருக்குறது நகல்). 2000த்த ஒட்டி எல்லாத்தையும் விட்டுட்டு ஆறு மாசம் துறவி. வெளிநாட்டுப் பத்திரிக்கைக்காரங்க இந்த இடத்த ரொம்ப உருகி எழுதுவாங்க. நமக்கு அதுல ஒண்ணும் ஆச்சரியம் இல்ல, பக்கத்து வீட்டு பர்மியப் பையன் ஸ்கூல் லீவுல மொட்ட அடிச்சு காவி கட்டிட்டு அடுத்த மாசம் ஜீன்ஸ் போட்டுட்டு வருவான். எனக்கு முக்கியமாப் படுறது என்னன்னா, திரும்பி வந்தப்ப அவரு கையில காசு இல்ல. விலை உசந்த பொருள் வாங்க முடியல. அதனால செம்பு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு கைக்கு எட்டுனதுல சிலை செஞ்சாரு. அங்கருந்துதான் மலிவு உலோகத்துல கண்ணு போச்சு, அங்கருந்துதான் டைட்டானியம்.

டைட்டானியத்தப் பத்தி கொஞ்சம் விவரமா சொல்லணும், ஏன்னா இது பட்டறை ஆளுங்களுக்குத்தான் புரியும்.

தங்கம் 1,064 டிகிரில உருகும். டைட்டானியம் 1,668. சரி, பெரிய நெருப்பு வச்சா போச்சுன்னு நினைக்காதீங்க, சூடான டைட்டானியம் காத்துல இருக்குற ஆக்ஸிஜன குடிச்சு நொறுங்கிப்போற மாதிரி ஆயிடும். அதனால ஊதுகுழலு, கேஸ் டார்ச், நம்ம பத்தவைக்கிற பொடி, வெங்காரம் எதுவும் உதவாது. காத்து இல்லாத அறையிலயோ ஆர்கான் கேஸ்லயோ இல்ல லேசர் வச்சோதான் ஒட்டணும். தங்கக் கம்பிய வளைச்சா வளைஞ்ச இடத்துல நிக்கும், டைட்டானியம் ஸ்பிரிங் மாதிரி திரும்பி வரும். கல்லு மேல நகத்த (கல்லப் பிடிக்கிற உலோகக் கொக்கிய) மடக்கணும்னா தங்கம் விரல் சொன்னபடி கேக்கும், இது கேக்காது, அழுத்துனா கல்லுதான் உடையும். அப்புறம் ஏன் இத எடுக்கணும்? எடை. தங்கத்தோட அடர்த்தி 19.3, இது 4.5. நம்ம கணக்குல சொன்னா, சுத்தத் தங்கத்துல ஒரு க்யாட்தா, அதாவது 16 பெ நிக்கிற ஒரு பூவு, அதே அளவுல டைட்டானியத்துல 4 பெ கூட வராது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டாம்பூச்சி செஞ்சு பட்டுப் புடவைல குத்துனா தங்கத்துல துணி கிழிஞ்சு தொங்கும், இதுல சும்மா நிக்கும். அதோட நிறம். சாயம் கிடையாது, கரண்ட் பாய்ச்சுனா மேல ஆக்ஸைடு படலம் வளரும், வோல்ட்டேஜ் ஏற ஏற படலத்தோட தடிமன் மாறி பழுப்பு, ஊதா, நீலம், மஞ்சள், ரோஸ், பச்சைன்னு நிறம் காட்டும்.

எட்டு வருஷம் இதுல மல்லுக்கட்டி 2007ல ஸ்விட்சர்லாந்து பாசெல் கண்காட்சில அத வெளிய வச்சாரு. கல்லு கட்டுறதுலயும் வேற வழி பிடிச்சாரு, நகம் போட்டு உலோகம் பிடிக்கிறதுக்குப் பதிலா கல்லுக்குள்ள காடி வெட்டி இன்னொரு கல்ல அதுல மாட்டுறது, சீனத் தச்சரு ஆணியில்லாம மரத்த மாட்டுற மாதிரி. கல்லே கல்லப் பிடிக்குது.

ஜேட் விஷயம் இதுக்கு முன்னாடி. 2002ல ஜேட்ட மெலிசாக்கி வெளிச்சம் உள்ள ஓடுற மாதிரி வெட்டுறதுக்கு பேடன்ட் வாங்குனாரு. மாண்டலே ஜேட் சந்தைல உக்காந்து பாத்தவங்களுக்கு இது எவ்வளவு தலைகீழான யோசனைன்னு தெரியும். அங்க டார்ச் அடிச்சு அடிச்சு பாக்குறது நிறமும் தெளிவும்தான், ஆனா விலை பேசும்போது கனம் வேணும், கெட்டியா இருக்கணும். முதுகு குடைஞ்ச கல்லுன்னா திருட்டு வேலைன்னுதான் அர்த்தம், கறுப்பா கிடக்குற கல்லோட பின்பக்கத்தக் குடைஞ்சு வெளிச்சம் போக வச்சு, அது தெரியாம இருக்க அடிய மூடிக் கட்டி, புதுசா வர்றவன் தலைல கட்டுவாங்க. அவரு அதே குடையுற வேலைய ஒளிக்காம, கணக்குப் போட்டு, அதையே அழகா ஆக்கிட்டாரு. ஆசிட்ல ஊறப் போட்டு பிசின் ஏத்துற பி ஜேட் கணக்குல இது வராது, கல்லுக்குள்ள எதையும் ஏத்தல, வெட்டு மட்டும்தான். நம்ம பத்தருங்க கெம்புக்கு அடியில பளபளப்புத் தகடு வச்சு வெளிச்சத்தத் திருப்பி அனுப்புனாங்கல்ல, அந்த அறிவு நம்மகிட்ட இருந்துச்சு. கெம்புல வச்சோம், ஜேட்டுக்குக் கொண்டு போகல, ஏன்னா ஜேட்ட நம்ம தொட்டதே இல்ல, அது சீனக்காரங்க வியாபாரம்னு ஒதுக்கி வச்சுட்டோம். இது ஒண்ணுல மட்டும் தப்பு நம்ம பக்கம்தான்னு நினைக்கிறேன்.

அதுக்கப்புறம் வந்த பேரும் புகழும் சீக்கிரமா சொல்லி முடிச்சிடுறேன், அது எல்லா இடத்துலயும் கிடைக்கும். 2012ல பாரிஸ் பியன்னாலே கண்காட்சில ஆசியாவுல இருந்து கூப்பிடப்பட்ட முதல் நகைக் கலைஞரு. 2019ல பிரிட்டிஷ் மியூசியம் அவரோட தோள் ப்ரோச் ஒண்ண தன் சேகரிப்புல சேத்துக்கிச்சு. 2021ல வெனிஸ்ல டைட்டானிய சிலைங்க, 2023ல லண்டன் க்ரிஸ்டீஸ் ஏலக் கம்பெனில ஒரு பெரிய கண்காட்சி. நடுவுல 2015ல சௌ தாய் ஃபூக் நகைக் கம்பெனிக்கு ஒரு நெக்லஸ். அதுல இருக்குற வைரம் தென்னாப்பிரிக்கா கல்லினன் சுரங்கத்துல 2009ல கிடைச்ச 507 கேரட் கல்லு, கம்பெனி அத 3.5 கோடி டாலருக்கு மேல கொடுத்து வாங்கி 24 கல்லா வெட்டுச்சு, பெருசு 104 கேரட். கூட வெள்ளை ஜேட்டும் பச்சை ஜேடைட்டும். 27 விதமா கழட்டி மாட்டிப் போடலாம், வேலை 47,000 மணி நேரம்னு சொன்னாங்க. விலை 20 கோடி டாலர்னு எல்லா பேப்பர்லயும் வந்துச்சு. அது கம்பெனி சொன்ன மதிப்பு, யாரோ எண்ணிக் கொடுத்த காசுன்னு எடுத்துக்காதீங்க.

ஒப்பிட்டுப் பாக்க நெசமா ஏலத்துல போன விலை ரெண்டு இருக்கு. 2014 ஏப்ரல்ல ஹாங்காங் சாதபீஸ் ஏலத்துல அமெரிக்கப் பணக்காரி பார்பரா ஹட்டன் வச்சிருந்த ஜேடைட் மாலை, 27 மணி, 2.7 கோடி டாலருக்கு மேல, வாங்குனது கார்டியர் நகைக் கம்பெனி. 2015 மே மாசம் ஜெனீவாவுல மொகோக் கெம்பு மோதிரம், 25.59 கேரட், 3 கோடி டாலர். இந்த ரெண்டுலயும் கல்லுதான் காசு, வேலை துணைக்கு. சான் வேலையில கல்லு துணைக்கு வருது. இந்த வித்தியாசத்த ஒரு பத்தரு பாத்தா பொறாமப்படணும், நான் படுறேன்.

பளபளப்புக்கு அடியில ஒண்ணு இருக்கு, அத விட்டுட்டு எழுதுனா பாதி கேஸ்தான். 2015 நவம்பர்ல ஃபகான்ட்ல மண்ணு மலை சரிஞ்சு நூறு பேருக்கு மேல செத்தாங்க. 2020 ஜூலை 2, மறுபடி, 170 பேருக்கு மேல. செத்தவங்கள்ல நிறைய பேரு கம்பெனி கொட்டுன கழிவு மண்ணுல துண்டுக் கல்லு பொறுக்க வந்த ஏழைப் பசங்க, ராக்கைன்ல இருந்து, நடு பர்மாவுல இருந்து வந்தவங்க. குளோபல் விட்னஸ்ங்கிற கண்காணிப்பு அமைப்பு 2015ல போட்ட அறிக்கைல 2014 ஒரு வருஷ ஜேட் வியாபாரம் 3,100 கோடி டாலர் வரைக்கும் இருக்கலாம்னு கணக்கு போட்டாங்க, அதுல நாட்டுக்கு வந்தது சொற்பம். அமெரிக்கா 2008ல தடை போட்டு 2016ல எடுத்து, 2021 ஏப்ரல்ல அரசாங்க ஜெம்ஸ் கம்பெனி மேல திரும்பப் போட்டுச்சு. கண்காட்சில ஒரு ஜேட் நகைக்குப் பக்கத்துல வைக்கிற சின்ன அட்டைல ‘ஜேடைட், வைரம், டைட்டானியம்’னு இருக்கும். எந்தக் குழி, யாரு எடுத்தான்னு இருக்காது. இதுக்கு சான் மேல மட்டும் பழி போட மாட்டேன், இது நகை உலகம் பூராவோட பழக்கம், நம்ம கடை அட்டைலயும் கிடையாது. ஆனா பொருளோட ஆத்மா பத்தி அவ்வளவு பேசுற ஒருத்தரு இதப் பத்தியும் பேசியிருக்கலாம்.

அப்ப கேள்விக்கு பதில் என்ன, ஏன் அவரு, ஏன் நம்ம பையன் இல்ல? போன வருஷக் கடைசில நம்ம தெருவுல ஒரு பெரிய பத்தரு கிட்ட இத வச்சு ரொம்ப நேரம் பேசுனேன். அவரு ஒரே வார்த்தைல முடிச்சாரு, “அவனுக்கு சேதாரம் கேக்காத கஸ்டமர் கிடைச்சான்டா தம்பி.” நான் முழுசா ஒத்துக்கல. “மாமா, கஸ்டமர் கிடைக்கிறதுக்கு முன்னாடி பதினஞ்சு வருஷம் அவரு கல்லச் செதுக்கிட்டு உக்காந்திருந்தாருல்ல?”ன்னேன். “உக்காந்திருந்தான், வாடகை கொடுக்க முடிஞ்சுதுல்ல, போலீஸு கதவத் தட்டலல்ல”ன்னாரு. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ரெண்டும் சேந்துதான். ஹாங்காங் திறந்த துறைமுகம், கல்லு வரும் போகும், கேக்க ஆளில்ல, பக்கத்துல தைவான்லயும் சீனாவுலயும் பணம் பெருகுன நேரம். அந்த ஊருல ஆயிரம் செதுக்கல்காரங்க இருந்தாங்க, அத்தன பேருக்கும் அதே துறைமுகம்தான், டிரில் முனைக்காக ஃபேக்டரில போயி நின்னவரு இவரு. இங்க அப்படி நிக்க ஒரு ஆளு இருந்திருந்தாலும் அவன் செஞ்சத எடை போட்டுத்தான் வாங்கிருப்பாங்க. டைட்டானியத்துக்கு இன்னைக்கு ரங்கூன்ல திருப்பி எடுக்குற விலை பூஜ்ஜியம், ஆனா அதுல கட்டுன நகை மியூசியத்துல உக்காந்திருக்கு. எடைக்குக் காசு, வேலைக்குக் காசு, இந்த ரெண்டு உலகத்துக்கும் நடுவுல இருக்குற இடைவெளிலதான் இந்த கேஸே இருக்கு.

பசங்க சில பேரு டைட்டானியம் வாங்கணும்னு கேக்குறீங்க. இப்ப வேணாம், லேசர் மெஷின் விலைக்கு ஒரு கடையே வைக்கலாம். கல்லுக்குள்ள முகம், அத செஞ்சு பாக்கலாம், அதுக்குத் தங்கமும் வேணாம் கஸ்டமரும் வேணாம். ஸ்படிகம் எடுங்க, மலிவு, கடினம் 7, ஜேட்டும் கிட்டத்தட்ட அதே 6.5, 7தான், அதனால கை ரெண்டுக்கும் சேத்தே பழகும். வைரத்தூள் ஒட்டுன முனைங்க, பல் டாக்டருக்கு சப்ளை பண்ற கடையில கிடைக்கும், உருண்டை முனை ரெண்டு அளவு, ஊசி முனை ஒண்ணு போதும். தொங்குற மோட்டார் மெஷினு பட்டறையில ஏற்கெனவே இருக்கும், ஆனா தண்ணி கிட்ட கரண்ட் மோட்டாரு வராம உசர மாட்டுங்க, கைப்பிடி மட்டும் கீழ வரட்டும், சொட்டுத் தண்ணி கல்லு மேல விழுந்துக்கிட்டே இருக்கணும். காஞ்ச தூளு நுரையீரலுக்கு எமன், அதனால தண்ணியில்லாம ஒரு கீறு கூட வேணாம், மாஸ்க்கும் போடுங்க. முகத்துக்கு நேரா போகாதீங்க, முதல்ல ஒரு இலை. நடு நரம்பு ஆழம், ஓரம் மேலோட்டம். ஆழம் சரியான்னு பாக்க கண்ண நம்பாதீங்க, தொடச்சுட்டு குழில மெழுக அமுக்கி எடுங்க, குழியா இருந்தது மேடா வரும், எங்க கூடுச்சு எங்க குறைஞ்சுதுன்னு அதுல தெரியும், பாத்துட்டு அடுத்த கீறு போடுங்க.